‘உடனடி’ அல்ல, ‘உடனுறை’

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பத்திரிகைக்குக் கடிதம் எழுதுவது எனக்கு இது இரண்டாவது முறை. முதல் முறை எங்கள் சந்துத் தண்ணீர்க் குழாயைப் பற்றி எழுதினேன், அச்சாகவில்லை. இது குழாயை விடச் சின்ன விஷயம், ஒரே ஒரு சொல். ஆனால் அந்தச் சொல்லால் எங்கள் வீட்டுப் பையன் ஒருவனுக்கு நாலு மார்க் போய்விட்டது.

போன மாதம் உங்கள் மாணவர் இணைப்பில், அசெம்பிளி மொழியில் (செயலிக்கான கட்டளைகளை ஒவ்வொன்றாக எழுதும் மொழி) ஒரு கட்டளை தனக்கு வேண்டிய எண்ணை எங்கே போய் எடுக்கிறது என்று ஒரு முழுப்பக்கம் போட்டிருந்தீர்கள். ஆங்கிலத்தில் அட்ரஸிங் மோட்ஸ் என்பார்கள். தமிழில் இதற்கு ஒரு பக்கம் ஒதுக்கியதே பெரிது. தாராவியில் எங்கள் தெரு வாசகசாலையில் அந்தத் தாள் மடிப்பு கிழிகிற வரை கை மாறியது. யாரும் படிக்காத பக்கம் என்றால் நானும் விட்டிருப்பேன்.

அந்தக் கட்டுரையில் ‘இமீடியட் அட்ரஸிங்’ என்பதை ‘உடனடி முகவரி முறை’ என்று மொழிபெயர்த்திருந்தீர்கள். அதோடு விட்டிருந்தாலும் பரவாயில்லை. தரவு உடனடியாகக் கிடைத்துவிடுவதால் எல்லா முறைகளிலும் இதுதான் வேகமானது என்று விளக்கமும் சேர்த்துவிட்டீர்கள். டிப்ளமா இரண்டாம் ஆண்டு படிக்கும் என் தம்பி மகன் அதை அப்படியே மனப்பாடம் செய்து, ஆங்கிலமாக்கி, உள்தேர்வில் எழுதிவிட்டு வந்தான். சிவப்பு மையில் ஒரு கோடு. “தப்புன்னா எப்படி அத்தை? பேப்பர்லயே போட்டிருக்காங்களே” என்று அவன் தாளை நீட்டியபோது எனக்குக் கோபம் யார் மேல் என்று தெரியவில்லை.

நான் யார் என்று சொல்லிவிடுகிறேன். அப்பா திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து தோல் பட்டறை வேலைக்கு வந்தவர். நான் இங்கே மாநகராட்சித் தமிழ்ப் பள்ளியில் படித்தேன், அப்புறம் எலெக்ட்ரானிக்ஸ் டிப்ளமா. மும்பையில் ஒரு பாலிடெக்னிக்கில் 31 ஆண்டுகள் மைக்ரோபிராசசர் லேபில் உதவியாளர் வேலை. பாடம் நடத்தியவர்கள் வேறு. கிட்டை, அதாவது செயலி பொருத்திய பயிற்சிப் பலகையைத் துடைத்து வைத்தது, ஃபியூஸ் மாற்றியது, பையன்கள் முழித்துக்கொண்டு நிற்கும்போது பக்கத்தில் போய் நின்றது நான். இந்த ‘இமீடியட்’ என்ற சொல் எத்தனை பேரை வழி தவறவிட்டிருக்கிறது என்று பக்கத்தில் நின்று பார்த்தவள் என்ற உரிமையில் எழுதுகிறேன்.

ஒரு கட்டளை என்பது ஒரு வினைச்சொல். கூட்டு, நகர்த்து, ஒப்பிடு. கூட்டு என்றால், எதை? பள்ளியில் தமிழாசிரியை சொல்லித்தந்த கேள்விதான். ‘எதை’ என்று கேட்டால் வருவது செயப்படுபொருள். ஆங்கிலத்தில் ஆபரண்ட் என்கிறார்களே, அதற்குச் செயப்படுபொருளை விட நல்ல தமிழ்ச்சொல்லை நான் இதுவரை பார்க்கவில்லை. உங்கள் கட்டுரையாளர் ‘இயக்கி’ என்று போட்டிருந்தார். இயக்குவது கட்டளை அல்லவா? சரி, அது இருக்கட்டும். செயப்படுபொருள் எங்கே இருக்கிறது என்பதைக் கட்டளை எந்த வகையில் சொல்கிறது என்பதுதான் இந்தப் பாடம் முழுதும்.

எங்கள் லேபில் இருந்தது 8085, 1970களில் இன்டெல் கொண்டுவந்த 8 பிட் செயலி. கிட்டில் திரை கிடையாது. ஆறு சிவப்பு இலக்கங்கள்தான்: நாலு முகவரிக்கு (நினைவகத்தில் ஓர் இடத்தின் எண்), இரண்டு அந்த முகவரியில் இருக்கும் எண்ணுக்கு. கீழே ஹெக்ஸ் பொத்தான்கள், அதாவது பதினாறை அடியாகக் கொண்ட எண்கள்: 0 முதல் 9, அப்புறம் ஏ முதல் எஃப். செயலிக்கு உள்ளேயே எண்ணை வைத்துக்கொள்ளும் சின்ன இடம் பதிவகம். ‘ஏ பதிவகத்தில் 5 போடு’ என்பதற்கு எம்விஐ ஏ, 05. அதை உள்ளே செலுத்த 2000 என்று அடித்து 3ஈ போட வேண்டும். அடுத்த பொத்தானைத் தட்டினால் முகவரி 2001 ஆகும். அங்கே 05. முடிந்தது. 3ஈ என்பது கட்டளை, 05 என்பது அதன் செயப்படுபொருள். இரண்டும் அடுத்தடுத்த வீடு, நடுவில் ஒன்றும் இல்லை. ஆங்கிலத்தில் அந்தச் சொல்லுக்கு இரண்டு பொருள் உண்டு. ஒன்று காலத்தில் தாமதம் இல்லாதது, இன்னொன்று இடத்தில் இடைவெளி இல்லாதது. பக்கத்து வீட்டுக்காரரை ஆங்கிலத்தில் ‘இமீடியட்’ அண்டை வீட்டார் என்பார்கள், அவர் வேகமாக ஓடுவார் என்பதால் அல்ல. செயலி விஷயத்தில் இரண்டாவது பொருள்தான் சரி.

வேடிக்கை என்னவென்றால், தமிழில் ‘உடன்’ என்ற சொல்லும் இதே இரண்டு பொருளையும் சுமக்கிறது. உடனே வா என்றால் காலம். உடன்பிறந்தவள் என்றால் சேர்ந்திருப்பது. கட்டுரையாளர் அகராதியைப் புரட்டி முதலில் கண்ணில் பட்டதைப் போட்டுவிட்டார் போலிருக்கிறது. எங்கள் ஊர்க்காரர் என்றால் இந்தத் தப்பு நடந்திருக்காது. காந்திமதி அம்பாள் உடனுறை நெல்லையப்பர் என்று கோயில் அழைப்பிதழில் பார்த்து வளர்ந்திருப்பார். அங்கே சுவாமிக்கு ஒரு கோயில், அம்பாளுக்கு ஒரு கோயில், இரண்டும் ஒட்டி இருக்கும், நடுவே சங்கிலி மண்டபம் சேர்த்துவைக்கும். 3ஈ-யும் 05-ம் அப்படித்தான். ‘உடனுறை முறை’ என்று போடுங்கள். ஒரு பையனும் அதில் வேகத்தைத் தேட மாட்டான்.

வேகக் கணக்கையும் பார்த்துவிடலாம். 8085-இல் கட்டளையின் முதல் பைட்டை நினைவகத்திலிருந்து எடுத்துப் புரிந்துகொள்ளப் பெரும்பாலும் நாலு துடிப்பு (செயலியின் கடிகாரத் தட்டு). அதன்பின் நினைவகத்துக்கு எத்தனை முறை போகிறதோ, ஒவ்வொன்றுக்கும் மூன்று துடிப்பு. எம்விஐ ஏ, 05-க்கு நாலும் மூன்றும் ஏழு. மூவ் ஏ, பி என்று ஒரு பதிவகத்திலிருந்து இன்னொன்றுக்கு மாற்றினால் வெளியே போகவே வேண்டாம், நாலோடு வேலை முடிந்தது. எல்டிஏ 2050 என்று முகவரியை நேரே சொன்னால், அந்த முகவரியின் இரண்டு பைட்டுகளை எடுக்க இரண்டு பயணம், அங்கே இருக்கும் எண்ணை எடுக்க இன்னொரு பயணம். நாலோடு ஒன்பது, பதின்மூன்று. ஆக வேகமானது பதிவக முறை, ‘உடனடி’ அல்ல. இன்னொன்று: உங்கள் கட்டுரை மெதுவானது என்று சொன்ன மறைமுக முறையில், அதாவது முகவரியை ஒரு பதிவகத்தில் பார்த்துக்கொள் என்று சொல்லும் முறையில், மூவ் ஏ, எம் என்று எழுதினால், அதற்கும் அதே ஏழு துடிப்புதான். எம் என்பது எச்எல் என்ற இரட்டைப் பதிவகம் காட்டும் நினைவக இடம்; முகவரி ஏற்கெனவே அந்த எச்எல்-இல் உட்கார்ந்திருப்பதால் அதைத் தேடிப் போகும் இரண்டு பயணம் மிச்சம்.

என் தம்பி மகனுக்குப் பாடத்தில் 8085 கிடையாது, 8051 என்ற வேறு சில்லு. அதில் இந்தப் பேச்சுக்கே இடமில்லை. ஏ பதிவகத்துக்குள் ஓர் எண்ணைக் கொண்டுவர, எண் கட்டளையின் உடனுறைந்தாலும் சரி, பதிவகத்தில் இருந்தாலும் சரி, உள்நினைவகத்தில் நேரே முகவரி சொன்னாலும் சரி, ஒரு பதிவகம் சுட்டிக்காட்டினாலும் சரி, எல்லாவற்றுக்கும் ஒரே ஒரு இயந்திரச் சுற்று, அதாவது 12 துடிப்பு. துடிப்பைக் கொடுக்கும் படிகம் 12 மெகாஹெர்ட்ஸாக இருக்கும் போர்டில் சரியாக ஒரு மைக்ரோ விநாடி. அவனுடைய ஆசிரியர் கோடு போட்டதில் தப்பே இல்லை.

ஆனால் மார்க் போனதை விடப் பெரிய கூத்து அடுத்த வாரம் நடந்தது. மும்பையின் எலெக்ட்ரானிக்ஸ் கடைத்தெருவான லாமிங்டன் ரோட்டில் வாங்கிய ஒரு 8051 போர்டு அவனிடம் இருக்கிறது. எட்டு எல்இடி, 1 அனுப்பினால் எரியும். பாதி விளக்கு எரிய வேண்டும், அதாவது 0எஃப் (எட்டு பிட்டில் நாலு 0, நாலு 1) அனுப்ப வேண்டும். கணினியில் சிமுலேட்டரில், அதாவது சில்லைப் போல நடிக்கும் மென்பொருளில், ஓட்டிப் பார்த்தான், எட்டும் அணைந்தே இருந்தன. சிமுலேட்டர் கெட்டுவிட்டது என்று போர்டில் ஏற்றினான். ஐந்து விளக்கு எரிந்தது. பிளக்கைப் பிடுங்கிச் செருகினான். இப்போது மூன்று, அதுவும் வேறு மூன்று. ராத்திரி பதினொரு மணிக்கு என் கதவைத் தட்டி, “அத்தை, போர்டுல பேய் இருக்கு” என்றான்.

நான் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அவன் எழுதியதைப் பார்த்தேன். மூவ் பி1, 0எஃப் என்று இருந்தது. பி1 என்பது விளக்குகளை இணைத்திருக்கும் வாசல். “ஏலே, ஹாஷ் எங்கல?” என்றேன். எண்ணுக்கு முன்னால் போடும் # குறிதான் ஹாஷ். அவன் வேண்டுமென்றேதான் விட்டிருக்கிறான். 0எஃப்-ஐ உடனடியாக அனுப்பு என்று சொல்கிறோம், உடனடி என்பது வேகம், வேகத்தைச் சொல்ல எதற்கு ஒரு குறி என்று நினைத்திருக்கிறான். அந்தக் குறி இல்லாவிட்டால் 8051-க்கு 0எஃப் என்பது எண் அல்ல, முகவரி. உள்நினைவகத்தில் 0எஃப் என்ற வீட்டுக்குப் போய், அங்கே இருப்பதை எடுத்து விளக்குக்கு அனுப்பும். சிமுலேட்டரில் எல்லா வீடும் பூச்சியம், அதனால் எட்டும் அணைந்தன. நிஜச் சில்லில் மின்சாரம் வந்ததும் உள்நினைவகத்தில் என்ன கிடக்கும் என்று யாரும் சொல்ல முடியாது. அதுதான் பேய்.

எழுதிய கட்டளைகளைச் செயலிக்கான எண்களாக்கும் மென்பொருளான அசெம்பிளர் உருவாக்கிய எண்களை இரண்டு வரியாக அவனுக்கு எழுதிக் காட்டினேன். ஹாஷ் போட்டால் 75 90 0எஃப். போடாவிட்டால் 85 0எஃப் 90. 90 என்பது பி1-இன் முகவரி. ஒரு குறியை விட்டதற்கு முதல் பைட்டே மாறிவிட்டது, அதாவது வினையே வேறு. மற்ற இரண்டும் இடம் மாறி உட்கார்ந்துவிட்டன. பள்ளிக்கூடத்தில் ‘புலி கொன்ற யானை’ படித்திருப்பீர்கள். புலியைக் கொன்ற யானையா, புலியால் கொல்லப்பட்ட யானையா? வேற்றுமை உருபு தொக்கி நின்றால் நாம் இடம் பார்த்துப் பொருள் கொள்வோம். செயலிக்கு அந்தச் சாமர்த்தியம் கிடையாது. ஹாஷ் என்பது உருபு மாதிரி. 8085-இல் இந்தத் தொல்லை குறைவு, ஏனென்றால் அங்கே வினைக்கே தனித்தனிப் பெயர்: உடனுறைந்தால் எம்விஐ, நேரே முகவரி என்றால் எல்டிஏ. 8051-இலும், 6502 என்ற இன்னொரு பழைய செயலியிலும் ஒரே பெயர், ஒரு குறிதான் வித்தியாசம். உங்கள் கட்டுரையில் இந்தக் குறியைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. உடனடி, பதிவகம், நேரடி, மறைமுகம், உட்கிடை என்ற ஐந்து முறைகளையும் ஐந்து கட்டம் போட்டு, கட்டத்துக்கு ஒரு உதாரணம் கொடுத்து முடித்துவிட்டீர்கள். பரீட்சையில் ஐந்து மார்க் கேள்வியும் அப்படித்தான் வருகிறது, அதனால் உங்களைச் சொல்லியும் குற்றமில்லை.

‘மறைமுக’ என்ற சொல்லோடு நான் சண்டைக்கு வரவில்லை. மறைமுக வரி என்று எல்லோரும் பழகிவிட்டோம். ஆனால் அந்த முறையில் எதுவும் மறைந்திருப்பதில்லை என்று மட்டும் சொல்ல வேண்டும். எங்கள் அப்பா பம்பாய்க்கு வந்த முதல் ஆறு ஆண்டுகளில் நாலு கோலி மாறினார். இங்கே அறையைக் கோலி என்போம். ஊருக்குக் கொடுத்த முகவரி மட்டும் மாறவே இல்லை: அவர் பெயர், கீழே ‘மேற்பார்வை’ என்று போட்டு ஒரு மளிகைக் கடை, தாராவி, பம்பாய்-17. அப்போது ஆறு இலக்கப் பின்கோடு வரவில்லை. தபால்காரர் கடையில் போட்டுவிட்டுப் போவார். கடைக்கார அண்ணாச்சியிடம் நீளவாக்கில் ஒரு நோட்டு இருந்தது. அதில் அப்பா பெயருக்கு நேரே அன்றைக்கு எந்தக் கோலியோ அந்த எண். அப்பா வீடு மாறினால் அண்ணாச்சி பழைய எண்ணை அடித்துவிட்டுப் பக்கத்தில் புதியதை எழுதுவார். ஊரில் ஆச்சி எழுதுகிற உறையில் ஒரு எழுத்தும் மாறாது, கடிதம் வந்து சேர்ந்துவிடும்.

எச்எல் என்பது அந்த நோட்டு. மூவ் ஏ, எம் என்பது ஆச்சியின் உறை. ‘எம் எங்கே இருக்கிறது என்று அண்ணாச்சியைக் கேள்’ என்பதற்கு மேல் அதில் ஒன்றும் எழுதியிருக்காது. சுட்டிக்காட்டுவதால் ‘சுட்டு முறை’ என்றால் எனக்குப் பிடிக்கும். சுட்டெழுத்து படித்த பிள்ளைகளுக்குச் சட்டென்று புரியும். இதில் இன்னொரு குசும்பு உண்டு. 8085-இல் மூவ் கட்டளைகளின் எண்கள் வரிசைக் கிரமமாக வரும். அந்த வரிசையில் எம்-இலிருந்து எம்-க்கே மாற்றுவதற்கு வர வேண்டிய எண் 76. தன் வீட்டுக் கடிதத்தைத் தன் வீட்டிலேயே போடுவதில் என்ன பயன் என்று நினைத்தார்களோ என்னவோ, அந்த 76-ஐ ‘நில்’ என்ற கட்டளைக்குக் கொடுத்துவிட்டார்கள்.

இந்த நோட்டு எதற்கு என்று கேட்பவர்களுக்கு லேபில் நான் வைக்கும் கணக்கு இது. ஒரு சந்தில் ஐந்து கோலி. ஒவ்வொன்றிலும் எத்தனை பேர் என்று 2050 முதல் 2054 வரை எழுதி வைத்திருக்கிறது. மொத்தம் வேண்டும். நேரடி முறையில், ஒவ்வொரு கோலிக்கும் எல்டிஏ என்று எடுத்து, பி-யோடு கூட்டி, விடையைத் திரும்ப பி-யில் வைக்க வேண்டும். கோலிக்கு ஐந்து பைட். சுட்டு முறையில் எச்எல்-இல் 2050 போட்டு, சி-யில் 5 போட்டு, ஏ-வைச் சுத்தமாக்கி, அப்புறம் ஒரு சுழற்சி: எம்-ஐக் கூட்டு, எச்எல்-ஐ ஒன்று ஏற்று, சி-யை ஒன்று குறை, பூச்சியம் ஆகாவிட்டால் திரும்பிப் போ. முடிவில் விடையை 2090-இல் வைத்து நிறுத்து. இதோ முழு நிரலும், 2000-இலிருந்து:

21 50 20, 0ஈ 05, ஏஎஃப், 86, 23, 0டி, சி2 06 20, 32 90 20, 76.

எண்ணிப் பாருங்கள், பதினாறு பைட். ஐந்து கோலிக்கு இரண்டு முறையிலும் பெரிய வித்தியாசம் இல்லை. சந்தில் 40 கோலி என்றால்? சுட்டு முறையில் அதே பதினாறு பைட்தான், 05 இருந்த இடத்தில் 28, அவ்வளவுதான் மாற்றம். ஹெக்ஸில் 28 என்றால் 40. நேரடி முறையில் கிட்டத்தட்ட 200 பைட். எங்கள் பழைய கிட்டில் எழுதக் கிடைத்த இடமே மொத்தம் 256 பைட், அதிலும் கிட்டின் சொந்த வேலைக்குக் கொஞ்சம் போய்விடும். நிரல் வளர்ந்து வளர்ந்து 2050-இல் இருக்கிற கோலிக் கணக்கின் மேலேயே ஏறி உட்கார்ந்துவிடும். ஒரு வருஷம் ஒரு பெண் பிடிவாதமாக அப்படித்தான் அடிப்பேன் என்று அடித்தாள். தன் எண்களைத் தானே அழித்துவிட்டு, விடை தப்பு வந்ததும் அவள் திரும்பிப் பார்த்துச் சிரித்த சிரிப்பு இன்னும் நினைவிருக்கிறது. அந்த வகுப்பில் சுட்டு முறையை மறக்காத ஆள் அவளாகத்தான் இருப்பாள்.

இந்த நோட்டு இல்லாத காலமும் இருந்தது. முதல் தலைமுறைக் கணினிகளில் வரிசையாக எண்களைக் கூட்ட வேண்டுமென்றால், கட்டளைக்குள் எழுதியிருக்கும் முகவரியையே ஒவ்வொரு சுற்றிலும் எடுத்து, ஒன்று கூட்டி, திரும்ப எழுத வேண்டும். உறையை ஒவ்வொரு தடவையும் கிழித்து வேறு விலாசம் எழுதுகிற மாதிரி. 1949-இல் இங்கிலாந்தில் மான்செஸ்டர் பல்கலைக்கழகக் கணினியில் இதற்கென்று ஒரு தனிப் பதிவகம் வைத்தார்கள். ஏற்கெனவே ஏ, சி என்று இரண்டு இருந்ததால் இதற்கு பி என்று பெயர். நம் மும்பையிலேயே டாட்டா அடிப்படை ஆய்வு நிறுவனத்தில் ஆர். நரசிம்மன் தலைமையில் ஒரு கணினியைக் கட்டினார்கள். கிண்டிப் பொறியியல் கல்லூரியில் படித்தவர், நம்மவர். 1960-இல் அது வேலைக்கு வந்தது, 1962-இல் நேரு அதற்கு டிஃப்ராக் என்று பெயர் வைத்தார். அதன் நினைவகத்தில் 2,048 இடம், இடத்துக்கு 40 பிட். இவ்வளவு சின்ன இடத்தில் வேலை செய்தவர்களுக்கு எண் எங்கே இருக்கிறது என்பது பரீட்சைக் கேள்வியாக இருந்திருக்காது. கொலாபா பக்கம் போகும்போதெல்லாம் எனக்கு இந்த நினைப்பு வரும். உங்கள் தொடரில் இதைப் பற்றி ஒரு பக்கம் போடலாமே.

உங்கள் ஐந்து கட்டங்களில் ‘உட்கிடை’ என்று ஒன்று. சிஎம்ஏ என்ற ஒரே பைட் கட்டளை, ஏ-வில் உள்ள பிட்டுகளைப் புரட்டிப்போடும். எதை என்று அது சொல்வதே இல்லை. ‘வந்தான்’ என்றால் யார் என்று சொல்லாமலே தெரிகிறதே, தோன்றா எழுவாய், அந்த மாதிரி இது தோன்றாச் செயப்படுபொருள். ‘உட்கிடை’யும் நன்றாகத்தான் இருக்கிறது, மாற்ற வேண்டாம்.

விட்டுப்போனது ஒன்று உண்டு. அதை விடாமல் இருந்திருந்தால் ஐந்து கட்டமே தேவைப்பட்டிருக்காது. தாராவியில் வழி கேட்டால் யாரும் கோலி எண் சொல்ல மாட்டார்கள். கணேசர் கோயிலிலிருந்து மூன்றாவது சந்து என்பார்கள். ஓர் அடையாளம், அதிலிருந்து ஒரு தள்ளல். இசட்80, 8086 என்ற செயலிகளில் இது உண்டு. இப்போது ஐஐடி சென்னையில் சக்தி என்று செயலி வடிவமைக்கிறார்களே, அது பின்பற்றும் ரிஸ்க்-ஃபைவ் என்ற கட்டளைத் தொகுப்பில் ஒரு எண்ணை நினைவகத்திலிருந்து எடுக்கச் சாதாரணமாக இருப்பது இந்த ஒரே வழிதான்: ஒரு பதிவகம், அதோடு −2048 முதல் 2047 வரை ஒரு தள்ளல். தள்ளலைப் பூச்சியம் ஆக்கினால் அது சுட்டு முறை. பதிவகமாக எப்போதும் பூச்சியமாகவே இருக்கும் எக்ஸ்0-ஐப் போட்டால், தள்ளலே முகவரி, அது நேரடி முறை. அந்தத் தள்ளலும் தனியாக எங்கோ இல்லை, கட்டளையின் 32 பிட்டுக்குள்ளேயே 12 பிட்டாக உடனுறைகிறது. என் தம்பி மகனுக்கு இதைச் சொன்னபோது, “அப்ப அஞ்சு இல்லயா அத்தை?” என்று கேட்டான். பரீட்சையில் அஞ்சு என்றே எழுது என்றேன். வேறு என்ன சொல்ல?

தமிழில் இதெல்லாம் எதற்கு, ஆங்கிலச் சொல்லையே வைத்துக்கொண்டால் போகிறது என்று அவனுடைய நண்பர்கள் சொல்கிறார்கள். நானும் லேபில் ஆங்கிலப் பெயர்களைத்தான் சொன்னேன். ஆனால் அந்தப் பெயர் ஒரு பையன் தலைக்குள் போய் எந்தத் தமிழ்ச்சொல்லாக மாறி உட்காருகிறது என்பதை நாம் கட்டுப்படுத்த முடியாது. இவன் தலையில் ‘உடனடி’ என்று உட்கார்ந்தது, போர்டில் பேய் வந்தது. மாற்றாமல் விட முடியாதென்றால் சரியாக மாற்றுவோம்.

திருத்தம் போடுவதாக இருந்தால் இன்னொன்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள். நேரடி முறைக்கு உதாரணமாக எல்டிஏ 2050-ஐ 3ஏ 20 50 என்று அச்சிட்டிருக்கிறீர்கள். 3ஏ 50 20 என்று வர வேண்டும். 8085 முகவரியின் பின்பாதியைத்தான் முதலில் எதிர்பார்க்கும். வேலைக்குச் சேர்ந்த முதல் மாதம் நானும் இதே மாதிரி திருப்பி அடித்துவிட்டு, கிட்டில் நினைவகமே இல்லாத 5020-க்கு அதை அனுப்பி வைத்தேன். எஃப்எஃப் என்று வந்தது. சில்லு போய்விட்டது என்று நினைத்து, யாருக்கும் தெரியாமல் அதைக் கழற்றி, கால்களைத் துடைத்து, திரும்பச் செருகினேன். மறுபடியும் எஃப்எஃப். உங்கள் பக்கத்தைப் பார்த்து அடிக்கிற யாரோ ஒரு பிள்ளை இப்போது அதையே செய்துகொண்டிருக்கும். அந்தச் சில்லுக்கு நாற்பது கால், ஒன்று வளைந்தாலும் லாமிங்டன் ரோட்டுக்குத்தான் போக வேண்டும்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற ஆய்வக உதவியாளர் (பெயர் போட வேண்டாம், பையன் சங்கடப்படுவான்)
தாராவி, மும்பை 400017